காதுக்கு எல்லாம், காலுக்கு ஒன்றுமில்லை

"உங்களுக்கு ஒத்துக்காதும்மா. ஜனவரி மாசம், பஞ்சாப் பக்கம். எலும்பெல்லாம் நடுங்கும்" என்றார் எங்கள் மேலாளர். அவர் பிறந்து வளர்ந்தது உறையூர். பஞ்சாபை அவர் பார்த்ததெல்லாம் டிவியில்தான். ஆனாலும் என் எலும்பைப் பற்றி அவருக்கு அபார அக்கறை.

நான் வேலை பார்ப்பது திருச்சிக்கு வெளியே, துவாக்குடிப் பக்கம், பாய்லர் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில். குழாய்களை இணைக்கிற வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. இங்கே செய்த குழாய்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கேயாவது ஒரு அனல்மின் நிலையத்தில் பொருத்துவார்கள். அங்கே போடுகிற வெல்டிங்கையும் எங்கள் ஆள் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து 'சரி' என்று சொல்ல வேண்டும். இதற்கு 'சைட்டுக்குப் போவது' என்று பெயர். சைட்டுக்குப் போனவர்கள்தான் எங்கள் பிரிவில் மேலே போவார்கள். போகாதவர்கள் ரிட்டயர் ஆகும்வரை அதே நாற்காலியில் உட்கார்ந்து, போய்வந்தவர்கள் சொல்லும் வீரக் கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நான் பல வருஷம் கேட்டாயிற்று. என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் போய்வந்து எனக்கே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பெண்கள் யாரும் அதுவரை போனதில்லை.

அந்த வருஷம் போக வேண்டியவருக்கு மூலம் ஆபரேஷன். அவருக்கு அடுத்தவருக்கு மச்சினி கல்யாணம். வேறு வழியில்லாமல் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "சரி, போயிட்டு வாங்க. ஆனா ஒண்ணு. அங்க போய் ஜலதோஷம், காய்ச்சல்னு படுத்துட்டீங்கன்னா எனக்குத்தான் கெட்ட பேரு. அப்புறம் லேடீஸ அனுப்பலாம்னு நான் மேலிடத்துல வாயே திறக்க முடியாது."

அதுவரை எத்தனை முறை திறந்தார் என்று கேட்க நாக்கு துடித்தது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன். விஷயம் இதுதான்: நான் அங்கே ஒரு தும்மல் தும்மினால் போதும், எனக்கும் எனக்குப் பின்னால் வருகிற பெண்களுக்கும் கதவைச் சாத்திவிடுவார்கள். என் மூக்குக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை.

குளிரைப் பற்றி எங்கள் ஸ்ரீரங்கத்தாருக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. மார்கழி பிறந்தால், இருபத்திரண்டு டிகிரியில் ஊரே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு காவிரிக் குளியலுக்கு அம்மா மண்டபத்துக்கு நடக்கும். "என்ன பனி, என்ன பனி" என்று ஒருவரை ஒருவர் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்துக்கொள்வார்கள். ஃபேனை மட்டும் யாரும் நிறுத்த மாட்டார்கள், கொசு பிடுங்கிவிடும். எங்கள் ஊர் சாஸ்திரப்படி குளிர் உடம்புக்குள் நுழைய ஒரே வாசல்தான்: காது. காதை அடைத்துவிட்டால் குளிர் வந்த வழியே கொள்ளிடம் தாண்டிப் போய்விடும்.

நான் கிளம்ப வேண்டிய நாளோ வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள். அந்தச் சமயத்தில் உலகமே ஸ்ரீரங்கத்துக்கு வரும், அதில் பாதி எங்கள் வீட்டுக்கு வரும். அடையவளைஞ்சான் வீதியில் ஒரு அடுக்குமாடியில் இருக்கிறோம். ஏகாதசி வாரத்தில் அதை வீடு என்று சொல்ல முடியாது, சத்திரம். அப்படிப்பட்ட வீட்டின் நடுக்கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்தேன். திறந்த பெட்டியைக் கண்டால் எங்கள் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த வாரத்தில் வேறு இடமே இல்லை.

"ஊரே இங்க வரது, நீ ஊரை விட்டுப் போறயே. ராப்பத்து உற்சவம் நடக்கறச்சே பெருமாளை விட்டுட்டு யாராவது கிளம்புவாளா?" என்றார் என் மாமியார்.

"பெருமாள் லீவு குடுத்துடுவார்மா. மேனேஜர் குடுக்க மாட்டார்" என்றேன்.

"நன்னாயிருக்கு பேச்சு" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெரிய பஞ்சுப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைத்தார். காதுக்கு.

என் கணவர் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறார். போனில் மூன்று வானிலை ஆப் வைத்திருந்தார். நான் போகிற ஊருக்கு ஓர் ஆப் மூன்று டிகிரி என்றது, ஒன்று இருபத்தைந்து என்றது, மூன்றாவது மழை வரும் என்றது. மறுநாள் பார்த்தால் மூன்றும் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொண்டிருந்தன. அவர் அசரவில்லை. எல்லாவற்றுக்கும் சராசரி போட்டு, "பதினாலு டிகிரி, லேசா தூறல். ஒரு ஸ்வெட்டர், ஒரு குடை. தாராளமா போறும்" என்று தீர்ப்புச் சொன்னார். பகலுக்கும் ராத்திரிக்கும் சராசரி போட்டால் நான் சாயங்காலம் மட்டும்தான் உயிரோடு இருப்பேன் என்றேன். அவர் கோபித்துக்கொண்டு காவிரிக்கரைப் பக்கம் நடக்கப் போய்விட்டார். குல்லாய் போட்டுக்கொண்டுதான்.

உள்ளே போட்டுக்கொள்ள ஏதாவது கம்பளி கிடைக்குமா என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடைக்குப் போனேன். "ஊட்டிக்கா, கொடைக்கானலுக்காக்கா?" என்றார் கடைக்காரர். திருச்சிக்குத் தெரிந்த குளிர் அந்த இரண்டுதான். பஞ்சாப் என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஊட்டிக்குள்ளதே குடுத்துர்றேங்க்கா" என்று ஒரு மஃப்ளரும் இரண்டு குல்லாயும் எடுத்துப் போட்டார்.

வந்திருந்த விருந்தாளிகளில் நிஜமான குளிரைப் பார்த்தவர் ஒருவர் உண்டு. என் நாத்தனாரின் கணவர், டெல்லி அத்திம்பேர். முப்பது வருஷ டெல்லிவாசி. ஸ்ரீரங்கத்து மார்கழியில் பனியனோடு உட்கார்ந்து, விசிறியால் விசிறிக்கொண்டே பேசினார். "இவா சொல்றதெல்லாம் விடு. அங்க ஒரே தடியா ஒண்ணைப் போட்டுண்டா பிரயோஜனம் இல்லை. வெங்காயம் மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கணும். வெயில் வந்தா உரிச்சுண்டே போகலாம்."

"ஏகாதசியும் அதுவுமா ஆத்துக்குள்ள அந்தப் பேரை எதுக்கு எடுக்கறேள்?" என்று மாமியார் முகத்தைச் சுளித்தார். அத்தனை பேரில் உருப்படியாகச் சொன்ன ஒரே மனுஷர், வெங்காயத்தால் கெட்டார்.

பிறகு மேல்மாடி மாமி வந்தார். முக்திநாத் யாத்திரை போய்வந்தவர். இந்த ஊரில் கம்பளிக் கோட்டு வைத்திருப்பவர்கள் யார் என்று கேட்டால், பத்ரியும் முக்திநாத்தும் சேவித்தவர்கள்தான். மாமியின் கோட்டு அரக்கு நிறம், முழங்கால்வரை வரும். மாமியும் மாமாவும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு போனது. அதன் பிறகு எங்கள் குடியிருப்பில் வடக்கே போகிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் கோட்டு.

"எடுத்துண்டு போடிம்மா. பத்திரம்" என்றார்.

"தோய்ச்சுட்டு எடுத்துண்டு போறேன் மாமி."

"தோய்க்கவாவது! கம்பளிக்கு விழுப்பு, தீட்டு ஒண்ணும் கிடையாது. யார் போட்டுண்டாலும் மடிதான்."

ஆக, இத்தனை யாத்திரைக்கும் அந்தக் கோட்டு ஒரு தடவைகூடத் தண்ணீரைப் பார்க்கவில்லை. சாஸ்திரம் அழுக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. மோந்து பார்த்தேன். பச்சைக் கற்பூரம், அந்துருண்டை, தைலம், அதற்கும் அடியில் இன்னும் ஏதோ ஒன்று.

மாமி கோட்டு கொடுத்தார் என்று தெரிந்ததும் மற்றவர்களுக்கும் வேகம் வந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த ஒரு மாமா தன் தலையில் இருந்த குல்லாயையே கழற்றிக் கொடுத்தார். இன்னொருவர் காதுக்கு மட்டும் ஒரு பட்டை கொடுத்தார். எனக்கு ஒரு தலைதான் இருக்கிறது என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இவற்றுக்கெல்லாம் அடியில் என் சேஃப்டி ஷூவை நன்றாக ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தேன். பாய்லர் மேலே ஏறுகிறவர்கள் போடுவது, விரலுக்கு முன்னால் உள்ளே இரும்பு வைத்தது. கூடவே இரண்டு ஜோடி தடித்த சாக்ஸ். கடைசி நேரத்தில் மாமியார் புளிக்காய்ச்சல் டப்பாவும் கோயில் பிரசாதமும் வைக்க இடம் தேடிப் பெட்டியைக் கிளறியிருக்கிறார். ஷூ அகப்பட்டுவிட்டது. "பெருமாள் பிரசாதம் இருக்கற பெட்டியில செருப்பா!" என்று அந்தப் பையை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே, செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிட்டார். சாக்ஸும் அந்தப் பையில்தான் இருந்தது. கையில் தனியாக எடுத்துக்கொள்வேன் என்று நினைத்தாராம். என்னிடம் சொன்னதாகவும் நினைத்தாராம். ராப்பத்துக் கூட்டத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று அந்த ரங்கனுக்குத்தான் வெளிச்சம்.

விமானத்தில் ஏ.சி. சில்லென்று இருந்தது. கோட்டைப் போட்டுக்கொண்டேன். தும்ம ஆரம்பித்தேன். சென்னைவரை தும்மினேன், சென்னையில் மாறி ஏறி டெல்லிவரையும் தும்மினேன். மேல்மாடி மாமா மூக்குப்பொடி போடுகிறவர் என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு வாய்த்த ஒரே நிஜக் கம்பளியின் மடிப்பெல்லாம் மூக்குப்பொடி! தும்மவே கூடாதவளுக்கு இதைவிடப் பொருத்தமான உடுப்பு கிடைக்குமா? கழற்றிச் சுருட்டிப் பெட்டிக்குள் தள்ளியவள், திரும்பி வரும்வரை அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

மின்நிலையத்து விருந்தினர் விடுதியில் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்த பிறகுதான் ஷூ இல்லை என்று தெரிந்தது. கட்டிலில் பரப்பிப் பார்த்தேன். குல்லாய் ஐந்து, மஃப்ளர் மூன்று, காதுப் பட்டை, ஒரு ஆஸ்பத்திரிக்குப் போதுமான பஞ்சு. காலுக்கு ஒரு நூல்கூட இல்லை. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. ஊர் முழுக்க வெறுங்காலோடு கோயில் கல்லில் நடக்கிற ஜனங்கள். கால் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராதவர்களிடம் போய்க் கோபித்துக்கொண்டு என்ன செய்ய?

மறுநாள் சைட்டுக்குச் செருப்போடு போய் நின்றேன். அந்த மின்நிலையத்தின் பொறியாளர், வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரிய சர்தார்ஜி, என் காலைப் பார்த்தார். உங்கள் ஊரில் இதுதான் சேஃப்டி ஷூவா என்று இந்தியில் கேட்டார். ஸ்டோரில் சொல்லி ஷூ எடுத்துவரச் சொன்னார். பெண்கள் அளவில் ஒன்றும் இல்லை. இருந்ததில் சின்னது ஆண்களின் ஒன்பதாம் நம்பர். அதற்குள் என் கால் இரண்டும் வாடகைக்கு வந்த மாதிரி ஆடின.

அன்றைக்குப் பார்த்து வெயில் பளீரென்று அடித்தது. அசல் திருச்சி மார்கழி. அத்திம்பேர் சொல்லைத் தட்டக் கூடாது என்று நான் சட்டைமேல் சட்டையாக ஐந்தாறு அடுக்கில் நின்றேன். அங்கே இருந்தவர்கள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். மதியத்துக்குள் வேர்த்து வழிந்து, இவ்வளவுதானா உங்கள் குளிர் என்று மனசுக்குள் கெக்கலி கொட்டினேன்.

அடுத்த நாள் விடியவே இல்லை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி, தூறல், காற்று. மூன்று ஆப்களில் இரண்டு அன்றும் வெயில் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. பாய்லர் என்பது பல மாடிக் கட்டடத்தின் உயரம். சுற்றிலும் இரும்புச் சல்லடைத் தட்டுகள். அதன்மேல் நின்றுதான் ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். குனிந்தால் சல்லடை வழியாகக் கீழே தரை தெரியும். காற்று அந்தத் தரையிலிருந்து கிளம்பி நேராக உள்ளங்காலுக்கு வந்தது. காதெல்லாம் பஞ்சும் கம்பளியுமாகக் கதகதவென்று இருந்தது. குளிர் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. ஷூவின் இரும்பு பனிக்கட்டியாகிவிட்டது. முதலில் விரல் வலித்தது, பிறகு வலிப்பதும் நின்றுவிட்டது.

அப்போதுதான் பயந்தேன். ஒரு வரிசைகூட முடியவில்லை. இறங்கிப் போய்ப் படுத்துவிட்டால் கதை முடிந்தது. உறையூரில் ஒருவர் 'அப்பவே சொன்னேன்' என்று சொல்லக் காத்துக்கொண்டிருக்கிறார். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றால் என்று யாராவது நினைத்திருந்தால் நல்லதுதான்.

மெதுவாக இறங்கி, கீழே இருந்த தகரக் கொட்டகைக்குள் போனேன். கைப்பையில் அன்றைக்கென்று இரண்டு குல்லாய் உபரியாகக் கிடந்தன. ஷூவைக் கழற்றினேன். குல்லாயைக் காலில் மாட்டினேன். உச்சிப் பக்கம் விரல்களுக்கு வந்தது. முகம் தெரிய விட்டிருக்கும் ஓட்டையில் என் குதிகால் எட்டிப் பார்த்தது. அதன்மேல் பஞ்சை வைத்து அமுக்கி ஷூவுக்குள் காலை விட்டேன். ஒன்பதாம் நம்பர் கச்சிதமாகப் பொருந்தியது. கொஞ்ச நேரத்தில் விரல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

பிறகு என்னை யாரும் இறக்க முடியவில்லை. மேல் வரிசையில் சில இணைப்புகள் எனக்குத் திருப்தியாக இல்லை. வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள் என்றேன். வெல்டிங் கான்ட்ராக்டர், மேடத்துக்குக் குளிர் தாங்கவில்லை, அவசரப்படுகிறார், கீழே போய் டீ குடித்துவிட்டு வரட்டும் என்று சர்தார்ஜியிடம் சொன்னார். எனக்கு இந்தி அரைகுறைதான், ஆனால் இந்த மாதிரிப் பேச்சு எந்த மொழியிலும் புரிந்துவிடும். டீயை மேலே கொண்டுவரச் சொல்லுங்கள், நான் இங்கேயே நிற்கிறேன் என்றேன். நின்றேன். வெட்டினார்கள், மறுபடி போட்டார்கள், மறுபடி பார்த்தேன். கடைசியில் குழாய்கள் முழுக்கத் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதித்தபோது எங்கேயும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. சர்தார்ஜி கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அங்கே இருந்தவரை ஒரு தும்மல் இல்லை.

ஊர் திரும்பியபோது, வீட்டு வாசலில் செருப்பு ஸ்டாண்டில் என் ஷூ சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. மாமியார் கதவைத் திறந்ததும், "காதுல பஞ்சு வெச்சுண்டியோன்னோ?" என்று கேட்டார். பஞ்சு உதவியது உண்மைதான். வைத்துக்கொண்டேன் என்றேன். "பாத்தியா, அதான் ஒண்ணும் ஆகலை" என்று பூரித்துப்போனார்.

திங்கட்கிழமை மேலாளர் அறைக்குப் போனேன். சர்தார்ஜி பாராட்டி அனுப்பிய மெயில் அவர் கம்ப்யூட்டரில் திறந்திருந்தது. "அதெல்லாம் இருக்கட்டும்மா. உடம்பு எப்படி?" என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அறையில் ஏ.சி. எப்போதும் பதினெட்டில்தான் இருக்கும். காற்று நேராக என் மூக்கில் அடித்தது. பெருமாளே, அத்தனை நாள் அடக்கமாக இருந்த மூக்கு! ஒன்றல்ல, அடுத்தடுத்து மூன்று தும்மல்.

"பாத்தீங்களா! அப்பவே சொன்னேன்ல, குளிர் ஒத்துக்காதுன்னு" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் போனஸ் நாளில்கூடப் பார்த்ததில்லை. சாயங்காலத்துக்குள் கேன்டீன்வரை செய்தி போய்விட்டது. வெல்டிங்கைப் பற்றி யாரும் பேசவில்லை. மேடத்துக்குப் பஞ்சாப் குளிர் ஒத்துக்கொள்ளவில்லையாம் என்பதுதான் பேச்சு.

அதே மின்நிலையத்தில் இரண்டாவது பாய்லருக்கு ஜூனில் ஆள் போக வேண்டும் என்று ஏப்ரலில் பேச்சு வந்தது. சர்தார்ஜி என்னைத்தான் கேட்டிருந்தார். மேலாளர் என்னையும், எங்கள் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த கோத்தகிரித் தம்பியையும் கூப்பிட்டார். அந்தத் தம்பி மலையில் பிறந்து வளர்ந்தவர். பங்குனி பிறந்ததிலிருந்து அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. மேஜையில் சொந்தமாக ஒரு சின்ன ஃபேன் வைத்திருப்பார்.

"ஜூன்ல அங்க நாப்பத்தேழு டிகிரிம்மா. வெயில் உங்களுக்கு ஒத்துக்காது. தம்பி போயிட்டு வரட்டும்" என்றார் மேலாளர்.

தம்பி நடுங்கிவிட்டார். "சார், எனக்குத்தான் சார் வெயில் சுத்தமா ஒத்துக்காது."

"அட, அதெல்லாம் பழகிடும்ப்பா" என்று அவர் தோளில் தட்டினார் மேலாளர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், ஜனவரியில குளிர் ஒத்துக்காதுன்னீங்க, போயிட்டு வந்தேன். இப்ப வெயில் ஒத்துக்காதுங்கறீங்க. நான் திருச்சிங்க சார். கத்திரி வெயில்ல அடுப்பு முன்னாடி நின்னு சமைச்சு வெச்சுட்டு கம்பெனி பஸ்ஸப் பிடிக்கறவ. அவருக்குன்னா பழகிடும், எனக்குன்னா ஒத்துக்காதா? எனக்கு ஒத்துக்காதது வெயிலா குளிரா, இல்ல வேற ஏதாவதா, நேரா சொல்லிடுங்க."

"மேடம் பேரையே போட்டுடுங்க சார்" என்று தம்பி கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கெஞ்சினார். மேலாளர் கொஞ்ச நேரம் பேனாவைத் திருகினார். பிறகு என் பெயரை எழுதினார். எழுதியும் மனசு கேட்கவில்லை. நிமிர்ந்து, "இருந்தாலும் வெயில்ல ரொம்ப அலையாதீங்கம்மா, லேடீஸுக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நான் பழகிக்குவேன் சார். நீங்களும் பழகிக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.